மூன்று டன் கோபம்

கல் பதிப்பவரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு, பல் டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்றபடியே மூன்று டன் எடைக்கு ஏறினாள். அதற்கு முந்தின வாரம்தான், ஆஸ்பத்திரியில் புருஷனுக்குத் துணையாகப் போயிருந்தவளை, நீங்களும் ஏறுங்க பாப்போம் என்று நர்ஸ் எடை பார்த்து ஐம்பத்தெட்டு கிலோ என்று சொல்லியிருந்தார். ஆள் பருக்கவில்லை. உடுத்தியிருந்த துணி இறுகவில்லை, காலில் செருப்பு எப்போதும் போலத் தளர்வாகவே கிடந்தது. காலுக்கடியில் இருந்த நான்கு பேவர் பிளாக் கற்கள் மட்டும் பிஸ்கட் மாதிரி உடைந்து, அவள் முழங்கால் வரை உள்ளே போனாள். பார்த்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் அப்போதுதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர். வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் தன் கருத்தை அன்று சொல்ல முடியவில்லை.

அவள் புதைந்து நின்ற அந்தக் கார் பாதையை ஒப்புக்கொண்டு போட்டவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஊரில் அவரைக் காண்ட்ராக்டர் என்பார்கள். அவர் ஆள் வைத்து அடிவேலையை முடித்து, மேலே மணலைப் பரப்பிக் கொடுப்பார். தங்கை புருஷன் வந்து கல் பதிப்பார். தங்கை கல் எடுத்துக் கொடுப்பாள், நூல் பிடிப்பாள், கடைசியில் இடுக்குகளில் மணலைப் பெருக்கித் தள்ளுவாள். பதினோரு வருஷம் இப்படித்தான் ஓடியது. கார் நிற்கிற இடத்துக்கு எப்படி அடித்தளம் போட வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒன்றேகால் அடி தோண்ட வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் கொஞ்சம். வேர், குப்பை, நொதநொதவென்று இருக்கும் மண் எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிட்டு, ஜல்லி சேற்றுக்குள் புதையாமல் இருக்கக் கறுப்புத் துணியை விரிக்க வேண்டும். அதன் மேல் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து, ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று அடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்து, கனமான திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஓடும் வாட்டம் வீட்டைப் பார்த்து இருக்கக் கூடாது, தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு இரண்டு விரல்கடை மணல், அதற்கப்புறம்தான் கல்.

டாக்டரம்மா வீட்டு வேலை நடந்த நான்கு நாளும் அவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். வேலை முடிந்து ஐந்தாவது மாதம், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், நோயாளிகள் சாய்ந்து உட்காரும் புது நாற்காலியை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்தது. பத்துப் பதினைந்து கற்கள் தூக்கிக்கொண்டிருக்கின்றன, வந்து சரி பண்ணுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியதால் கல் பதிப்பவரும் அங்கே இருந்தார். லாரியின் பின்சக்கரம் முக்கால் அடி இறங்கியது, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது, சாய்ந்த பக்கத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் அவர் இருந்தார். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. நாற்காலிக்கு ஒரு கீறல் இல்லை; அதைக் கிடங்குக்கே திருப்பி எடுத்துப் போனார்கள்.

"மணலுக்குக் கீழ என்ன இருக்குன்னு கல்லு பதிக்க வந்தவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னார். அவள் நம்பினாள். நம்பி, ராத்திரி பகல் என்று பார்க்காமல் அண்ணனைச் சபித்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்து ஏழு மாதம் கழித்து வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, பாதையை யார் சரி செய்து தரப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் டாக்டரம்மா இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருந்தார். காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கை கட்டி நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"என் மேல என்ன தப்பு இருக்கு டாக்டரம்மா? அடிவேலையெல்லாம் கெட்டியாத்தான் போட்டுக் குடுத்தேன். மாப்ளைக்குத்தான் இப்பல்லாம் கை சரியில்ல. பதிக்க வேண்டிய மாதிரி பதிக்கல. பாவம், அதுக்கு அவனே அனுபவிக்கிறான்."

"என்ன சொன்ன?" என்றாள் தங்கை.

"உள்ளதைச் சொன்னேன். பாவம்னு சொன்னேன்."

அப்போதுதான் கற்கள் உடைந்தன. முழங்கால் வரை புதைந்து நின்றவள் பதறவில்லை. குனிந்து, தன் காலைச் சுற்றி இருந்த ஓட்டைக்குள் கையை விட்டாள். முதல் கைப்பிடி மணல். அடுத்தது கறுப்புக் களிமண், புல் வேரோடு. அதற்கடுத்ததும் களிமண். ஒவ்வொரு கைப்பிடியையும் எடுத்து அண்ணனின் செருப்புக்கு முன்னால் வரிசையாக வைத்தாள்.

"ஜல்லி எங்கண்ணே? ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு எடுத்துக் காட்டு."

"நீ இவ்வளவு கனமா வந்து நின்னா எந்தத் தரைதான் தாங்கும்?" என்றார் காண்ட்ராக்டர். அவளுடைய எடையை முதலில் வாய்விட்டு ஒப்புக்கொண்டவர் அவர்தான். பாதையில் ஜல்லி இல்லாததைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் தானே ஏறி வெளியே வந்தாள். அந்த எடை மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்தது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. எப்போதும் போலத்தான் கை வீசி நடந்தாள். மறுநாள் ஜல்லிக்குச் சொல்ல, கல் உடைக்கும் கிரஷருக்குப் போனபோது, லாரிகளை எடை போடும் மேடை மேல் தெரியாமல் கால் வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் சொன்ன "பாவம்" நினைவுக்கு வந்தது. மூன்று டன் நூற்று நாற்பது கிலோ என்று சீட்டு வந்தது. வண்டி நம்பர் எழுதும் கட்டத்தில் மேடைக்காரர் கொஞ்சம் யோசித்து "நடந்து வந்தது" என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் ஜல்லிக்காரரிடம் பேசி மனசு ஆறித் திரும்பி வந்தபோது அதே மேடை ஐம்பத்தெட்டு காட்டியது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தவர் கல் பதிப்பவர். கோபம் வந்தால் ஏறுகிறது, ஆறினால் இறங்குகிறது.

வேலையைத் தானே எடுத்துச் செய்து தருவதாக அவள் செவ்வாய்க்கிழமையே டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தாள். புருஷனின் கை சரியில்லை என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை அதே வாசலில் வைத்துப் புதைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ஜல்லியை இறுக்கும் கம்பாக்டர் மெஷின் ஊரில் இரண்டுதான், இரண்டும் அண்ணனுடையவை. கேட்பதற்கு அவளுக்கு மனமில்லை, கேட்டாலும் கிடைத்திருக்காது.

"உனக்கெதுக்கு மெஷின்?" என்றார் புருஷன்.

இரண்டு கூலியாட்களை வைத்துக்கொண்டு அவள் ஆறு நாள் தோண்டினாள். மழைநீர் ஊறி அழுகிப்போன களிமண் நான்கு லோடு வெளியே போனது. குழியின் அடிமண்ணை மிதித்து இறுக்கினாள், துணி விரித்தாள், ஓரக்கற்களைக் கான்கிரீட்டில் நிறுத்தினாள், முதல் அடுக்கு ஜல்லியைப் பரப்பினாள். கல் பதிப்பவர் சக்கர நாற்காலியில் வாசல் நிழலில் உட்கார்ந்து தன் வேலையை ஆரம்பித்தார். அவருடைய வேலை அவளுக்குக் கோபம் ஆறாமல் பார்த்துக்கொள்வது.

"பதினாலு வயசுல உங்கண்ணன் உன்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தினானே, ஞாபகம் இருக்கா? சிமெண்ட் கிடங்குக்குக் காவலுக்கு. கேட்டவங்ககிட்ட எல்லாம் அவ ஃபெயிலாயிட்டான்னு சொன்னான்."

அவள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, ஓர் அங்குலம் விடாமல், காலோடு கால் ஒட்டி நடந்தாள். ஜல்லி நறநறவென்று ஒன்றுக்குள் ஒன்று பல் கடித்துக்கொண்டு இரண்டு விரல்கடை இறங்கியது. உள்ளே சிகிச்சைக்குப் படுத்திருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே இதையெல்லாம் கேட்டார்கள். இரண்டாவது அடுக்குக்கு, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவின் தையல் மெஷினை அண்ணன் தூக்கி விற்றது போதுமானதாக இருந்தது. அதே அடுக்கின் ஓரங்களுக்கு, அடிபட்டுக் கிடந்த மாப்பிள்ளையைப் பார்க்க அண்ணன் இரண்டு ஆப்பிளோடு வந்து, பேசிக்கொண்டே அதில் ஒன்றைத் தானே தின்றுவிட்டுப் போனது பயன்பட்டது. டாக்டரம்மா ஒரு முறை வெளியே வந்து கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பி வளைந்தது.

மூன்றாவது அடுக்கின் பாதியில், அது வெயில் கொளுத்தும் மூன்று மணி இருக்கும், கோபத்துக்குச் சரக்கு தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தது கேட்டுப் பக்கம். வண்டி திரும்பும்போது முழு பாரமும் விழுகிற இடம் அதுதான். மற்ற இடத்தைவிட அது கெட்டியாக இருக்க வேண்டும். அவள் நடந்தாள், ஜல்லி மேல் தடம்கூட விழவில்லை. ஐம்பத்தெட்டு கிலோவில் நின்றாள்.

"தையல் மெஷின்..." என்றார் புருஷன்.

"அதைக் காலைலயே சொல்லிட்டீங்க. அது தேஞ்சு போச்சு. வேற சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் சக்கரத்தின் கம்பிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்றேன். நீ திட்டக் கூடாது."

"திட்டாம வேலை எப்படிங்க நடக்கும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் அவர். "அடியில ஒண்ணுமே இல்லன்னு. மொத நாளே மணல்ல ஒரு கம்பியைக் குத்திப் பாத்தேன். வெண்ணெயில போற மாதிரி போச்சு. மச்சான் பக்கத்துலதான் நின்னாரு. யாருக்குத் தெரியப் போகுது மாப்ளன்னு சிரிச்சாரு."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

அப்போது அவள் எத்தனை டன் இருந்தாள் என்பதற்குச் சீட்டு கிடையாது. மருத்துவ அறையில் வாய் கொப்பளிக்க வைத்திருந்த தம்ளர்களில் தண்ணீர் வட்டம் வட்டமாக அலைந்ததும், அன்று மாலை எடுத்த எக்ஸ்ரே மூன்றும் கலங்கிப்போய், அந்த மூன்று நோயாளிகளும் மறுநாள் மீண்டும் வர வேண்டியிருந்ததும் தெரியும். கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில், புருஷன் நசுங்கிக் கிடந்த அதே பத்தடி இடத்தில், போனாள், திரும்பினாள், போனாள். அந்தக் கால்களுக்குக் கீழே அவருடைய ஆஸ்பத்திரிப் பேச்சு, அவள் தூக்கிச் சுமந்த எட்டு மாதம், தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாதுங்க என்று அவள் தொண்டை வற்றச் சொன்னது, எல்லாம் சேர்ந்து அரைபட்டது. கூலியாட்கள் இரண்டு பேரும் மண்வெட்டியை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்கள். மற்ற இடத்தில் இரண்டு விரல்கடை இறங்கிய ஜல்லி அங்கே ஒரு சாண் இறங்கியது. மட்டத்துக்குக் கொண்டுவர இன்னும் அரை லோடு கொட்ட வேண்டியதாயிற்று. அதையும் அவள் மிதித்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மொத்தம் எத்தனை வீடு?"

"மச்சான்கூட சேர்ந்து போட்ட கார் பாதையா? இதை விட்டுட்டு பதினொண்ணு."

"எல்லாம் தெரிஞ்சேவா?"

"ஏழுல தெரியும். மீதி நாலுல குத்திப் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பாத்தா தெரிஞ்சுடுமே."

அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக மருத்துவ அறைக்குள் போனாள். ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவை நிமிர வைத்து, இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே இவங்ககிட்டயும் சொல்லுங்க என்றாள். அவர் சொன்னார். கம்பி குத்தியதைச் சொன்னார், சிரித்ததையும் சொன்னார். வாயைத் திறந்து படுத்திருந்தவர் ஊர் முழுக்க அறிந்த முடி திருத்துபவர் என்பதால், இருட்டுவதற்குள் செய்தி எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. கை சரியில்லாதவர் என்ற பேச்சு அன்றோடு அடங்கியது. வேறு ஒரு பேச்சு அந்த இடத்துக்கு வந்தது, அது உண்மையான பேச்சு, அதை அவர் சுமந்துதான் ஆக வேண்டியிருந்தது.

கல்லை அவள் பதித்தாள், அவர் நூல் பிடித்தார். அதற்கு ஆன எட்டு நாளும் இருவருக்குள்ளும் "இன்னும் ஒரு நூல் மேல", "வாட்டம் பாருங்க", "போதும்" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. ஒன்பதாம் நாள், திருப்பி அனுப்பிய நாற்காலியைக் கிடங்கிலிருந்து ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. பின்னால் வந்தது, நின்றது, திரும்பியது, போனது. கற்களின் இடுக்கில் இருந்த மணல்கூட நகரவில்லை. டிரைவர் கீழே இறங்கி, குனிந்து, தரையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

அதற்கப்புறம் அவள் மற்ற பதினோரு வீட்டுக்கும் போனாள். புருஷனையும் தள்ளிக்கொண்டு போனாள். அவர் வராமல் இருக்க அவள் விடவில்லை. வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நிற்க, அவள் பாதையின் நடுவில் போய் நிற்பாள், அவர் எந்த வருஷம் எப்படிப் போட்டது என்பதைச் சொல்வார், அவள் இறங்குவாள். வக்கீல் வீட்டில் கணுக்கால் வரை. கணக்கு வாத்தியார் வீட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. இறங்காமல் நின்ற வீடு ஒன்றே ஒன்று. அந்த வீட்டுக்காரர் அடிவேலை நடந்த நாளெல்லாம் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆறாவதாக அவள் போனது தபால்காரர் வீடு. அங்கே கேட்டை மறித்துக்கொண்டு அண்ணன் நின்றார். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏன் இப்படி வீடு வீடாப் போய் என் பொழப்பக் கெடுக்கிற?"

"நான் சும்மா போய் நிக்கிறேன். கெடுக்கிறது உன் மண்ணு."

"உன் புருஷனும்தானே கூட இருந்தான்? அவனை விட்டுட்டு என்னை மட்டும் ஏன் போட்டு வாட்டுற?"

"அவரை விட்டேன்னு உனக்கு யார் சொன்னா?" என்றாள் அவள்.

காண்ட்ராக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. அவள் அண்ணனின் கையை விலக்கிவிட்டு உள்ளே போய் நின்று, இடுப்பு வரை இறங்கினாள். அடியில் ஜல்லிக்குப் பதிலாக ஓட்டைப் பெயிண்ட் டப்பாக்களும், ஒரு சைக்கிள் டயரும், இடித்த கக்கூஸின் பீங்கான் துண்டுகளும் இருந்தன. தபால்காரர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மதில் மேல் அடுக்கினார். காண்ட்ராக்டர் அன்று வீட்டுக்குப் போய் கம்பாக்டர் மெஷின் இரண்டையும் விற்க ஆள் தேடினார். ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போய்க் குளியலறைக் குழாய் விற்கும் கடை வைத்தார். தங்கையிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை அண்ணி போன் செய்வாள், அவர் நல்லா இருக்கார் என்பாள். போன் பேசி முடிக்கும்வரை தங்கை ஜல்லி மேல் நின்றுகொள்வாள், கோபம் வீணாகப் போகக் கூடாது என்று.

அந்தப் பத்து வீட்டுப் பாதைகளையும் தோண்டித் திரும்பப் போட மூன்று வருஷம் ஆனது. அப்புறம் மற்ற ஊர்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். கல் பதிப்பவரின் மனைவி என்று அவளை இப்போது யாரும் சொல்வதில்லை. திமிசு என்றால்தான் தெரியும். திமிசு வந்து மிதிச்ச தரை என்று சொன்னால் வீடு வாங்க வருகிறவர்கள் அதற்கு மேல் தோண்டிக் கேட்பதில்லை. பஸ்ஸில் கண்டக்டர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்த முகமாக இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள்.

கஷ்டம் வீட்டில்தான். அண்ணன் மேல் மட்டும் கோபம் இருந்த காலத்தில் அது வெளியிலேயே தங்கியது, வாசல்படி தாண்டும்போது இறங்கிவிடும். சிரித்த கதையைக் கேட்ட நாளிலிருந்து அது அவளோடு உள்ளேயும் வர ஆரம்பித்தது. அவர் சாப்பிட உட்கார்ந்திருப்பார், ஏதோ சொல்லிச் சிரிப்பார், அவள் காலடியில் ஒரு டைல்ஸ் வெடிக்கும். அவர் தூங்கும்போது முகம் அமைதியாக இருப்பதைப் பார்ப்பாள், இன்னொன்று வெடிக்கும். அவரைக் குளிப்பாட்டினாள், தூக்கி உட்கார வைத்தாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள், எதிலும் குறை வைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் வீட்டில் முழு டைல்ஸ் என்று ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், அவள் சாமான்களையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக் கூடத்துத் தரையைப் பெயர்க்க ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் ஒன்றேகால் அடி ஆழம் போய்விட்டாள். வெளியே ஒரு லோடு ஜல்லி வந்து கொட்டியிருந்தது. அவர் சக்கர நாற்காலியை வாசல்படி வரை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு இப்போ?"

"வீட்டுக்குள்ளயும் நிம்மதியாக் கோவப்படணும்ல," என்றாள் அவள், குழிக்குள்ளிருந்து நிமிராமல்.

அவர் ஆணியில் சுற்றியிருந்த நூலை எடுத்து, ஒரு முனையை அவளிடம் எறிந்து, மறுமுனையைத் தன் விரலில் சுற்றி இழுத்துப் பிடித்தார். வாட்டம் சமையலறைப் பக்கம் இருக்கட்டுமா, வாசல் பக்கம் இருக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். வாசல் பக்கம் என்று அவள் சொன்னாள்.